கணக்கு உதைக்கிறது

மாதத்தின் கடைசி வெள்ளி.
கார்னர் புரூக்கில் நாலரைக்கே இருட்டிவிட்டது.
கீழே பனிவண்டி உதிரிபாகக் கடையில்
யாரோ ஓர் என்ஜினை உறுமவைத்துச் சோதிக்கிறார்கள்.
என் மேசை, என் தேநீர், என் வக்கீல் சான்றிதழ்
எல்லாம் சேர்ந்து நடுங்குகின்றன.

மூன்று தொகைகள் ஒன்றாக வேண்டும்:
வங்கி சொல்வது,
என் பேரேடு சொல்வது,
கட்சிக்காரர் ஒவ்வொருவர் பேரிலும் கிடப்பதைக்
கூட்டினால் வருவது.
பின்னிரண்டும் கைகோத்து நிற்க
வங்கி மட்டும்
பதினான்கு டாலர் இருபது காசு கூடுதல் என்கிறது.

குறைந்தால் பயப்படத் தெரியும்.
கூடினால் என்ன செய்வதென்று
சட்டக் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை.
நம்பிக்கைக் கணக்கு என்று அதற்குப் பெயர்.
முழுக்க அடுத்தவர் பணம்.
தேனெடுத்துவிட்டுப் புறங்கையை
நக்காமலே வீடு போகிற உத்தியோகம்.

என் சொந்தக் கணக்கு தனி.
அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் இருக்கிறது.
உலை எண்ணெய்க்கு நானூறு தர வேண்டும்.
சென்ற வாரம் பாகப்பிரிவினைக்குக் கட்டணமாக
லியாண்டர் ஹைன்ஸ்
மூஸ் மானின் ஒரு தொடையைக் கொண்டுவந்து
ரோசலியின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.
ரசீது போட உட்கார்ந்தாள் ரோசலி.
மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை.

செப்டம்பரில் மாற்றிய மென்பொருள் அது.
விற்க வந்த பையன்
"இனி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்" என்றான்.
இப்போது கடவுச்சொல் காலாவதி என்கிறது.
புதியதற்கான ஆறு இலக்கத்தை
என் போனுக்கு அனுப்பியிருக்கிறதாம்.
போன் காரில். கார் பனியில்.
படியிறங்கிப் பனி தள்ளிப் படியேறி வருவதற்குள்
இலக்கமும் காலாவதி.
பிரிண்டரோ
தாள் சிக்கியது, தாள் சிக்கியது என்று கண்சிமிட்டுகிறது.
ஊரே காகித ஆலையின் புகையில் சோறு தின்கிறது,
இதற்கு ஒரு தாளை விழுங்கத் தெரியவில்லை.

ஏழு மணிக்குப் பழைய கணினியை உசுப்பினேன்.
அது இருமி, யோசித்து,
பழைய பட்டியலைக் கக்கியது.
ஆறு மாதத்துக்கு மேல் மாற்றப்படாத செக்குகளைப்
புதியது கொண்டுவராமல் விட்டிருக்கிறது.
அப்படி ஒன்றே ஒன்று.
பதினான்கு டாலர் இருபது.
எல்ட்ரெட் பார்டி, டல்ஸி பார்டி, இருவர் பேருக்கும்.
லார்க் ஹார்பர் வீட்டை விற்றபோது
பதிவுச் செலவு போக மிஞ்சியது.

போன் போட்டேன்.
திரையின் மூலையில் கடிகாரம் தானே ஓடத் தொடங்கியது,
ஆறு நிமிடத்துக்கு ஒரு துண்டு.

"செக்கா? இருக்கிறதே" என்றார்.
"ஃப்ரிட்ஜ் கதவில்."
புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன்,
உங்கள் பேருக்கு மட்டும்.
அந்தப் பக்கம் தொலைக்காட்சியில்
ஹாக்கி ஆட்டம் இரைந்தது.
டல்ஸி ஏப்ரலில் போனது
எனக்கும் தெரியும். பூ அனுப்பியிருந்தேன்.

"அவளுக்கு வருகிற கடுதாசியெல்லாம்
இப்போது 'மறைந்த' என்று தொடங்குகிறது.
இதில்தான் நாங்கள் இருவரும்
சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்.
உனக்கு இதனால் ஏதாவது சங்கடமா, தெல்மா?"

சங்கடந்தான்.
மாதாமாதம் உதைக்கும்.
தணிக்கைக்கு வருகிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.
உரியவர் கேட்காத பணத்தை ஒப்படைக்க
எங்கள் சங்கத்தில் ஒரு படிவம் உண்டு.
அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.

"ஒன்றுமில்லை" என்றேன்.
ஆட்டத்தில் யார் முன்னிலை என்று கேட்டேன்.
சொன்னார். வெகுநேரம் சொன்னார்.

வைத்த பிறகு கடிகாரம் நான்கு துண்டு காட்டி
யார் பேரில் எழுத என்று கேட்டது.
அழித்தேன்.

பொருந்தாமைக்குக் காரணம் எழுத ஒரு பெட்டி இருக்கிறது,
எண்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது.
செக் வெளியில் உள்ளது என்று அடித்தேன்.
கட்சிக்காரர்களிடம் பேசினேன் என்று அடித்தேன்.
அந்த 'கள்'ளில் சற்று நின்றேன்.
பிறகு சேமி.